வெட்டு நிறுத்திய நாட்கள்

ரோட்டுக்கு அந்தப்பக்கம் திங்கட்கிழமையே
நோம்பு தொடங்கிவிட்டது.
இந்தப்பக்கம் புதன்கிழமைதான் சாம்பல்.
பனச்சமூட்டுச் சந்தையில் இடைப்பட்ட இரண்டு நாள்
ஒரே மீன்காரி
கிழக்கே பார்த்து மத்தி கூவினாள்,
மேற்கே பார்த்தால் வாயை மூடிக்கொண்டாள்.

எனக்கு நோம்பு தை மாதமே வந்தாயிற்று.
ரப்பர் இலை உதிர்ந்து
தோட்டம் முழுக்க வானம் தெரிந்த அன்று
கூலிப் புத்தகத்தை மூடினார் முதலாளி.
"இனி பங்குனியில வா, ஜெசிந்தா."
அவர் அம்பது நோம்பும் பிடிப்பவர்.
மீன் இல்லை, முட்டை இல்லை, சிகரெட் இல்லை.
முன்பணமும் இல்லை.
இறைச்சி வேண்டாம் என்று விலக்க
முதலில் இறைச்சி இருக்கவேண்டும்.
பங்குச் சாமியாரிடம் இதைச் சொல்லவில்லை.

அவர் நெற்றியில் சிலுவை இட்டார்.
போன வருஷத்துக் குருத்தோலையின் சாம்பல்.
ஓசன்னா பாடிக்கொண்டே
இரண்டு வரிசை தள்ளி நின்ற தங்கச்சியைப்
பார்க்காததுபோல் நான் பிடித்திருந்த
அதே ஓலையாகவும் இருக்கலாம்.
மண் என்றார். மண்ணுக்கு என்றார்.
அரித்தது. துடைக்கவில்லை.

வெட்டு இல்லை, ஆனாலும்
மூன்று மணிக்கு உடம்பு விழித்துவிடுகிறது.
பதினேழு வருஷப் பழக்கம்.
தலைவிளக்கு ஆணியில் தொங்குகிறது.
போக ஒரு மரமும் இல்லாத மூன்று மணி
எவ்வளவு நீளம்!
கட்டன் சாயா குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.
செபமாலை இரண்டாம் பத்தில் நின்றுவிடும்.
அங்கிருந்து மனசு தோட்டத்துக்குப் போகும்,
நாலாம் வரிசைக்கு.

பால் இருப்பது தடிக்கு வெளியே,
பட்டையின் கடைசி நூலில்.
ஒரு நகக்கனம் விட்டு வெட்டவேண்டும்.
கத்தி தடியில் பட்டால்
அன்றைக்குப் பால் கூடுதலாகவே வரும்.
மரம் மட்டும் அந்த இடத்தை மறக்காது.
முண்டு முண்டாகப் புடைத்து
பிறகு எந்தக் கத்தியும் அங்கே ஓடாது.

நாலாம் வரிசையில் மூன்று மரம் அப்படி.
மூன்றும் நான் வெட்டியது,
லூர்துபாயிடம் அந்தச் சொல்லைச் சொன்ன
மறுநாள் காலையில்.
என்ன சொல் என்று கேட்காதீர்கள்.
பிள்ளையில்லாத ஒருத்தியிடம்
கூடப்பிறந்தவள் சொல்லக்கூடாதது.
ஒரு சங்கிலிக்காக. ஒன்றரைப் பவன்.

இரண்டாம் வெள்ளி சிலுவைப்பாதை முடிந்து
வீட்டுக்குத் திரும்பாமல் ரோட்டைக் கடந்தேன்.
முற்றத்தில் பாய் விரித்து
வாட்டிய மரச்சீனி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.
நிமிரவில்லை.
"நோம்புக்கு வந்தியா,
பைசாவுக்கு வந்தியா?"

பதில் தயாராக வைத்திருந்தேன்.
மடியில் அரிசிக்கடைச் சீட்டும் இருந்தது.
இரண்டில் எது என்னை நடத்திக்கொண்டு வந்தது என்று
சத்தியமாய் எனக்குத் தெரியவில்லை.
"ரெண்டுக்கும்தான் லூர்து.
பிரிச்சுப் பாக்கத் தெரியல்ல."

அவள் சிரிக்கவில்லை.
மன்னித்தேன் என்று சொல்லவுமில்லை.
பாயின் மறுமுனையைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.
வெயில் தாழும்வரை
கிழங்குத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் போட்டோம்.
கிளம்பும்போது ஒரு பொதி தந்தாள். பைசா தரவில்லை.
அவள் கழுத்தில் சங்கிலி இல்லை என்பதை
படலைத் தாண்டிய பிறகுதான் யோசித்தேன்.

உயிர்ப்புக்கு இன்னும் மூன்று ஞாயிறு.
ரப்பர் காத்திருக்கவில்லை,
செம்பு நிறத்தில் குருத்து விட்டுவிட்டது.
ராத்திரிப் பனிக்கு அதன்மேலும்
சாம்பல் நோய் வெள்ளையாய்ப் படிகிறது.
கந்தகம் தூவ ஆள் கூப்பிட்டார் முதலாளி.
முகத்தில் துணி கட்டிக்கொண்டு போனேன்.
நாலாம் வரிசையில்
அந்த மூன்று முண்டுகளையும் தொட்டுப் பார்த்தேன்.
அப்படியேதான் இருக்கின்றன.
ஒரு சாண் மேலே
புதுப்பட்டை, விரலுக்கு ஈரமாய், மெலிசாய்.
அதை வெட்ட இன்னும் ஏழெட்டு வருஷம் ஆகும்.